லேத் எத்தனை என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்: நான் படித்த கல்லூரியின் செய்முறைக் கல்வி

நாகர்கோவிலுக்கு அருகிலுள்ள தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் இயந்திரவியல் படித்து முடித்தவன் நான். செய்முறை வழிக் கல்வி என்று அதன் விளம்பரப் பலகையில் இருந்ததை நம்பியே சேர்ந்தேன். அது எவ்வளவு தூரம் மெய் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலாண்டுப் பணிமனைக்கு முழு மதிப்பெண் தருவேன். குழாய் இணைப்பு, மரவேலை, வெல்டிங், வீட்டு வயரிங், சால்டரிங் ஆகியவை அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் உள்ளவைதாம். ஆனால் ஒருவர் செய்ய ஒன்பது பேர் வேடிக்கை பார்க்கும் வழக்கம் எங்கள் பணிமனையில் இருந்ததில்லை. அதற்குக் காரணம் பயிற்றுநர். உலோகத் துண்டைச் சக் என்னும் பிடிப்பானில் மாட்டிச் சுழற்றிக் கடையும் லேத் இயந்திரம் சுழன்றுகொண்டிருக்கும்போதே, நுண்ணளவு பார்க்கும் வெர்னியரை நீட்டிய என் கையைப் பிடித்து நிறுத்தி, "மக்ளே, சக் நின்ன பொறவு அளந்தா போதும்" என்றார் அவர். அன்று விரல் தப்பியது.

இரண்டாம் ஆண்டிலிருந்து நிலைமை மெலிந்தது. கணினி நிரலால் இயங்கும் சி.என்.சி. இயந்திரம் ஒன்றே ஒன்று; பெரும்பாலான நாட்களில் கணினித் திரையில் ஓட்டிப் பார்த்ததோடு சரி. முப்பந்தல் காற்றாலைகளைக் காண டிசம்பரில் அழைத்துச் சென்றார்கள். காற்றின் வேகம் இருமடங்கானால் கிடைக்கும் திறன் எட்டு மடங்காகும் என்று வகுப்பில் எழுதிய எங்களை, முப்பந்தலை ஒட்டிய ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று சீறும் ஜூன், ஜூலையில் கூட்டிச் சென்றிருந்தால் அந்தக் கணக்கைக் கண்ணால் கண்டிருப்போம். நாங்கள் போன அன்று பல காற்றாலைகள் அசையாமல் நின்றன.

இறுதியாண்டுச் செயல்திட்டம்தான் நான்கு ஆண்டுகளில் ஆகச் சிறந்த பகுதி. குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில், ஆசிட் விட்டு உறையவைத்த பாலைக் கையால் சுற்றும் ரோலரில் கொடுத்து ஷீட்டாக்குவார்கள். அந்த ரோலருக்கு மோட்டார் பூட்டுவது எங்கள் திட்டம். நாங்கள் கடைந்த முதல் ஷாஃப்ட் (சுழல்தண்டு) விட்டத்தில் 0.05 மில்லிமீட்டர் குறைந்துவிட்டதால் பேரிங் அதில் நிற்காமல் வழுக்கிச் சுழன்றது. முழுவதையும் மறுபடி கடைந்தோம். அளவு எவ்வளவு வரை பிசகலாம் என்னும் வரம்பைக் குறிக்கும் டாலரன்ஸ் என்ற சொல்லின் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது, அதற்கு முன் எழுதிய எந்தத் தேர்விலும் அல்ல. எங்கள் வகுப்பிலேயே சிலர் செயல்திட்டங்களைச் செய்து விற்கும் பிராஜெக்ட் சென்டரில் ஆயத்தமாக வாங்கி வந்து காட்டினார்கள் என்பதும், அது தெரிந்தும் துறையினர் கண்டுகொள்ளவில்லை என்பதும் என் பெரிய மனக்குறை.

இயந்திரவியலில் சேர விரும்புவோருக்கு இந்தக் கல்லூரியைத் தயங்காமல் சொல்வேன், செயல்திட்டத்தைத் தாங்களே செய்யும் உறுதி அவர்களுக்கு இருக்குமானால். வேறு கல்லூரியைப் பார்க்கச் செல்வோர் வேலைநாளில், பிற்பகலில் செல்லுங்கள். ஒரு பேட்சுக்கு எத்தனை லேத் என்று கேளுங்கள். பிறகு லேத்தின் அடித்தட்டைப் பாருங்கள்: அன்றைய இரும்புச் சுருள்கள் கிடக்கின்றனவா, பெயிண்ட் மட்டும் பளபளக்கிறதா என்று.