காருக்குள் எழும் ஒலிகளை அடக்க எது ஏற்றது: துணி டேப்பா, ஃபோம் டேப்பா, சிலிக்கானா?

காருக்குள் எழும் கடகடப்பையும் கிறீச்சொலியையும் அடக்குவதற்குக் கார் வைத்திருப்பவர்களும் மெக்கானிக்குகளும் பெரும்பாலும் நாடுபவை மூன்று: வயர்க் கட்டுகளின்மேல் சுற்றப் பயன்படும் துணி டேப், ஒருபுறம் பசையுள்ள ஃபோம் டேப், சிலிக்கான் கிரீஸ் அல்லது ஸ்பிரே. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே அடிக்கடி ஓடும் எங்கள் பழைய ஹேட்ச்பேக்கில் இம்மூன்றையும் வெவ்வேறு இடங்களில் பயன்படுத்திப் பார்த்தபின், பெரும்பாலான இடங்களுக்குத் துணி டேப்பையே நிலையாக்கிக்கொண்டேன். ஒட்டிய முதல் வாரத்தில் மூன்றுமே ஒலியைக் குறைத்துவிடும் என்பதால், அதை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. ஒட்டிய பாகத்தை ஓராண்டு கழித்து மறுபடி கழற்ற நேரும்போது எது தொல்லை தராமல் வழிவிடுகிறது என்பதே என் தேர்வைத் தீர்மானித்தது.

பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒலியின் வகையைப் பிரித்தறிய வேண்டும். கடகடப்பு இடைவெளியால் வருவது. தளர்ந்துபோன ஒரு பாகம் அதிர்வின்போது பக்கத்துப் பாகத்தின்மேல் மோதி மோதி விலகுகிறது. கிறீச்சொலி உரசலால் வருவது. நெருக்கமாகப் பொருந்திய இரண்டு பரப்புகள் ஒட்டிக்கொண்டிருந்து, விசை கூடியதும் சட்டென வழுக்கி, மறுபடி ஒட்டிக்கொள்கின்றன. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் சாலை சேலத்துக்காரர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வழியாக அடிவாரம் செல்லும்வரை வேகத்தடைகளிலும் ஒட்டுப்போட்ட தார்ப்பரப்பிலும் கேட்பது பெரும்பாலும் கடகடப்பு. அதன்பின் வரும் 20 கொண்டை ஊசி வளைவுகளில், கார் மெதுவாக ஏறித் திரும்பும்போது ஒரு மூலை உயர்ந்து எதிர்மூலை தாழ்வதால், காரின் கூடு முழுவதுமே மிகச் சிறிய அளவில் முறுக்கிக்கொள்கிறது. சாலை வழவழப்பாக இருந்தும் அங்கே ஒலி எழுந்தால் அது கிறீச்சொலி என்று ஏறத்தாழ உறுதியாகக் கொள்ளலாம்.

வெப்பமும் இதில் பங்கு வகிக்கிறது. டேஷ்போர்டுக்குப் பயன்படும் பிளாஸ்டிக் வகைகள் எஃகைக் காட்டிலும் ஐந்தாறு மடங்கு விரிபவை. ஏறத்தாழ 1.3 மீட்டர் நீளமுள்ள டேஷ்போர்டு 30 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும். அதைத் தாங்கும் எஃகுச் சட்டமோ அரை மில்லிமீட்டர்கூடச் சுருங்காது. சித்திரை வெயிலில் சேலத்தில் நிறுத்திவைத்த காரை எடுத்துக்கொண்டு, சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டின் மாலைக் குளிருக்குள் போய் நிற்கும்போது நிகழ்வது இதுவே. ஏறும்போது அமைதியாக இருந்த கார் இறங்கும்போது முனகுவதற்கும், அந்த முனகல் மறுநாள் நண்பகலில் தானாக மறைந்துவிடுவதற்கும் இது காரணமாகலாம். ஆகவே ஒலி எழும் நேரத்தையும் வெப்பநிலையையும் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. பணிமனையில் காரை விட்டுவிட்டு ‘சத்தமே வரவில்லையே’ என்ற பதிலுடன் திரும்ப நேராது.

தேடும் முறையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். முதலில் கிளவ் பாக்ஸையும் கதவுப் பைகளையும் டிக்கியையும் முற்றிலும் காலி செய்து, ஜாக்கியையும் ஸ்டெப்னியையும் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். பிறகு வேறொருவர் காரை ஓட்ட, தேடுபவர் பக்கத்து இருக்கையிலும் பின்னிருக்கையிலும் மாறி மாறி அமர்ந்து, ஒவ்வொரு பேனலாகக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தும்போது ஒலி நின்றால் அந்த இடமோ அதை ஒட்டிய இடமோதான் மூலம். முன்கண்ணாடி ஒலியை எதிரொலிப்பதால் டேஷ்போர்டு ஒலிகள் பெரும்பாலும் இடம் மாறிக் கேட்கும். காதை நம்புவதைக் காட்டிலும் கையை நம்புவதே மேல். ஹேட்ச்பேக் வகைகளில் பின்னிருக்கையின் சாய்வுப் பகுதி பூட்டிக்கொள்ளும் இரும்பு வளையத்தையும், யாரும் அணியாதபோது பில்லரில் (கூரையைத் தாங்கும் பக்கத் தூணில்) மோதும் சீட் பெல்ட் கொக்கியையும் டேஷ்போர்டைத் தொடுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

இனி டேப்புகளுக்கு வருவோம். துணி டேப் என்று நான் குறிப்பிடுவது கம்பளிபோல் மெல்லிய மயிரிழைப் பரப்புடைய பாலியெஸ்டர் டேப்பை. கார் வயரிங்கில் வயர்கள் காரின் தகட்டில் மோதி ஒலி எழுப்பாதிருக்கத் தொழிற்சாலையிலேயே சுற்றப்படுவது. ‘டெசா 51608’ இவ்வகையில் பலரும் அறிந்தது. அதன் தடிமன் சுமார் 0.3 மில்லிமீட்டர், தாங்கும் வெப்பம் 105 டிகிரி வரை. இந்த மெலிவே அதன் பெரும் நன்மை என்பது என் கருத்து. பேனலின் ஓரத்திலும் கிளிப் அமரும் இடத்தைச் சுற்றியும் ஒட்டினாலும் கிளிப் பழையபடி முழுமையாக உள்ளே சென்று பூட்டிக்கொள்கிறது. பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் நேரடியாக உரசாமல் இடையில் இழைகள் வந்துவிடுவதால், ஒட்டி வழுக்கும் இயக்கமே தொடங்குவதில்லை. அதனால் கிறீச்சொலிக்கு இது நேரான தீர்வு. சிறிய இடைவெளிகளில் இரண்டு சுற்றாகச் சுற்றினால் கடகடப்புக்கும் போதுமானது.

ஃபோம் டேப்பின் இயல்பு வேறு. தடிமனாகவும் மென்மையாகவும் இருப்பதால் பெரிய இடைவெளியை ஒரே துண்டில் அடைத்துவிடும். எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். வேலையும் விரைவாக முடியும். ஆனால் கிளிப்புக்கு அருகில் ஒட்டினால் அது பேனலை வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. கிளிப் முக்கால்வாசி மட்டுமே பூட்டிக்கொண்டு, சில வாரங்களில் தளர்ந்து, முன்பில்லாத ஒரு கடகடப்பை உண்டாக்குகிறது. மேலும், நெடுநாள் அழுத்தத்திலும் வெயிலிலும் கிடக்கும் ஃபோம் நசுங்கிய நிலையிலேயே நின்றுவிடுவதால், அது அடைத்திருந்த இடைவெளி மீண்டும் திறந்துகொள்கிறது. மலிவான பாலியூரித்தேன் வகை ஈரப்பதத்தில் பொடிந்தும் போகும். ரப்பர் வகையைச் சேர்ந்த, நீரை உறிஞ்சாத ஃபோம் இதில் எவ்வளவோ மேல்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது கழற்றும் வேலையைப் பற்றி. ஒரு காரின் பேனல்களை ஒருமுறை மூடிவிட்டால் முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கண்ணாடி ஏற்றும் மோட்டார் பழுதானால் கதவுப் பேனல் கழன்றாக வேண்டும். பல கார்களில் ஏசி ஃபில்டரை மாற்றக் கிளவ் பாக்ஸ் இறங்க வேண்டும். ஸ்பீக்கர், பூட்டு, புளோயர் என்று பட்டியல் நீளும். அப்போது ஃபோம் டேப் பாதியாகக் கிழிந்து வருகிறது; மீதி பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வெயிலில் இளகிய அதன் பசை பிளாஸ்டிக்கின்மேல் பிசுபிசுப்பான படலமாகத் தங்கி, தூசியைப் பிடித்து இறுகிவிடுகிறது. அதைப் போக்கப் பெட்ரோலையோ தின்னரையோ தொட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. ஏபிஎஸ் வகைப் பிளாஸ்டிக் அவற்றால் வெளுத்து, நுண்ணிய வெடிப்புகள் விடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நனைத்த துணியால் பொறுமையாகத் துடைப்பதே பாதுகாப்பான வழி. அதற்குச் செலவாகும் நேரம் புதிதாக டேப் ஒட்டும் நேரத்தைக் காட்டிலும் பல மடங்கு. துணி டேப்போ பெரும்பாலும் ஒரே பட்டையாக உரிந்து வருகிறது; பல இடங்களில் உரிக்கவே தேவையில்லாமல் பேனலை அப்படியே திரும்பப் பொருத்திவிட முடிகிறது. எங்கள் கதவுப் பேனல் ஒன்றைக் கண்ணாடி வேலைக்காகத் திறந்தபோது, முன்பு ஒட்டிய துணி டேப் அசையாமல் இருந்ததைக் கண்டபின்தான் என் சார்பு உறுதிப்பட்டது.

இருந்தாலும் ஃபோமை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. நம்பர் பிளேட்டின் பின்புறம், கதவுக்குள் ஆடும் பூட்டுக் கம்பிகள், டேஷ்போர்டுக்குப் பின்னால் தொங்கும் வயர் கனெக்டர்கள் ஆகிய இடங்களில் இடைவெளி பெரியது. கிளிப் எதுவும் குறுக்கிடுவதில்லை. துணி டேப் அங்கே எட்டாது. கனெக்டரை ஃபோமால் சுற்றி, அதன்மேல் துணி டேப்பால் கட்டிவிடுவது என் வழக்கம்.

எந்த டேப்பானாலும் ஏர்பேக் உள்ள இடங்களில் கைவைக்கக் கூடாது. மேற்கூரையின் ஓரத்தில் திரைபோல் விரியும் ஏர்பேக் உள்ள கார்களில் பில்லர் மூடிகள் குறிப்பிட்ட விதத்தில் விலகித் திறப்பதற்காக வடிவமைக்கப்பட்டவை. அங்கே ஒலி வந்தால் அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில்தான் காட்ட வேண்டும்.

சிலிக்கானுக்கு ஓரிடம் உண்டு. அங்கே டேப்புகள் இரண்டும் அதற்கு ஈடாகா. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் உலர்ந்து தகட்டின்மேல் உரசி எழுப்பும் ஒலியை மெல்லிய சிலிக்கான் கிரீஸ் பூச்சு உடனே நிறுத்திவிடும். மலைச்சாலை வளைவுகளில் டேஷ்போர்டிலிருந்து வருவதாகத் தோன்றும் கிறீச்சொலிகளில் சில உண்மையில் இந்தப் பீடிங்கிலிருந்து வருபவை என்பதால், எதையும் கழற்றும் முன் இதைச் செய்து பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். பெட்ரோலியம் கலந்த சாதாரண கிரீஸைப் பூசினால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். ஸ்பிரேயாக அடிப்பதைக் காட்டிலும் கிரீஸைத் துணியில் தொட்டுப் பூசுவதையே பரிந்துரைக்கிறேன். காற்றில் பரவும் சிலிக்கான் படியும் இடத்தில் பிறகு எந்த டேப்பும் ஒட்டாது. தகட்டின்மேல் படிந்து சரியாகத் துடைக்கப்படாவிட்டால், பிற்பாடு பெயின்ட் அடிக்கும்போது குழிகுழியாக விழும். பேனல்களின் இடுக்கில் ஸ்பிரே அடிப்பது தற்காலிக அமைதியைத் தரும். புழுதி சேர்ந்ததும் ஒலி திரும்பிவிடும்.

நான்காவதாகச் சிலர் பியூட்டைல் டேம்பிங் ஷீட்டை, அதாவது தகட்டின்மேல் ஒட்டும் கனமான ரப்பர் போன்ற விரிப்பைச் சொல்வார்கள். அதை நான் முன்கதவுகளின் வெளித்தகட்டில் மட்டுமே ஒட்டியிருக்கிறேன். கதவு மூடும் ஓசை கனமானது, ஸ்பீக்கர் ஒலியின்போது தகடு அதிர்வது நின்றது. தரையிலும் கூரையிலும் ஒட்டிய அனுபவம் எனக்கில்லை என்பதால் அவ்விடங்களைப் பற்றி என் சொல்லை முடிவாகக் கொள்ள வேண்டாம். தகட்டின் அதிர்வைத்தான் அது அடக்கும். பேனல்களின் உரசலுக்கு அது மாற்றாகாது. கதவில் ஒட்டுபவர்கள் அடிப்பக்கத்து வடிகால் துளைகளை ஷீட் மறைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் அங்கே தேங்கினால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.