கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் 25 டன் கிரேன் வாடகைக்கு எடுத்த அனுபவம்

எங்கள் யூனிட்டின் மொட்டைமாடிக்கு 2.8 டன் சில்லர் (குளிரூட்டும் இயந்திரம்) ஒன்றை ஏற்ற வேண்டியிருந்தது. பக்கத்துப் பட்டறைக்காரர் சொன்ன இடத்தில் 25 டன் லாரி கிரேன் எடுத்தோம். எட்டு மணி நேர ஷிஃப்ட்டுக்கு 16,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. வண்டி நல்ல வண்டிதான். ஆனால் நான் ஐந்து நட்சத்திரம் போடுவது அதை ஓட்டி வந்த அண்ணனுக்கு.

வந்தவுடன் அவர் பூமை, அதாவது கிரேனின் நீளும் கையை, தொடவே இல்லை. எங்களிடம் கடப்பாரை கேட்டு வாங்கி, வண்டியைத் தாங்கும் கால்களான நாலு ஜாக்கும் இறங்கப்போகும் இடங்களைக் குத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். பின்பக்க இடது மூலையில் சத்தம் மாறியது. "இதுக்கடியில என்னங்க இருக்குது?" என்றார். பன்னிரண்டு வருஷமாக அங்கே மெயின்டெனன்ஸ் பார்க்கும் எனக்கே சட்டென்று ஞாபகம் வரவில்லை. பழைய செப்டிக் டேங்க். மேலே மண் மூடி, மூடி கூடத் தெரியாமல் போயிருந்தது. பூம் எந்த மூலைக்குத் திரும்புகிறதோ, அந்த ஜாக்கில்தான் வண்டி, லோடு இரண்டின் பெரும்பாரமும் வந்து இறங்கும். நாங்கள் மாடிப்பக்கம் திருப்ப இருந்தது அதே மூலைக்கு. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

வண்டியை இரண்டு மீட்டர் தள்ளிப் போட்டார். ஜாக்குகளுக்கு அடியில் ஸ்லீப்பர் கட்டைகளை நெருக்கி அடுக்கி, டயர் தரையை விட்டுக் கிளம்பும்வரை தூக்கி, மட்டம் பார்த்தார். இப்போது ரேடியஸ், அதாவது கிரேன் சுழலும் மையத்திலிருந்து ஹூக் வரை உள்ள தூரம், 12 மீட்டரிலிருந்து 14 ஆகிவிட்டது. எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்று சொல்லும் லோடு சார்ட்டை விரித்து விரல் வைத்துக் காட்டினார்: 14 மீட்டரில் 3.6 டன்தான். 25 டன் என்பது பூமைச் சுருக்கி, வண்டியை ஒட்டித் தூக்கினால் மட்டும். சில்லரோடு ஹூக் பிளாக், பெல்ட், ஷேக்கிள் என்ற தூக்கும் சாமான்கள் எல்லாம் சேர்த்து 3.1 டன் வந்தது. "தாங்குமுங்க. ஆனா காத்து ஏறுச்சுன்னா நான் தூக்கமாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

சொன்னபடியே செய்தார். ஆடி மாசம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. பதினொரு மணிக்குக் கேபின் திரையில் காற்றின் வேகம் நொடிக்கு 10 மீட்டரைத் தொட்டதும் இறங்கி நிழலில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் மேனேஜர் அவசரப்படுத்தியும் அசையவில்லை. ஐம்பது நிமிஷம் கழித்துத்தான் ஹூக் மேலே போனது. அந்த இடைவெளியில் எங்கள் பையன்கள் கட்டியிருந்த குட்டைப் பெல்ட்டுகளை அவிழ்க்கவைத்து நீளமானவற்றை மாட்டினார். இரண்டு பெல்ட்டில் தூக்கும்போது அவை படுத்து, கிடைமட்டத்திலிருந்து 30 பாகைக்கு வந்துவிட்டால், ஒவ்வொன்றும் முழு எடையையும் இழுக்கும். இது எனக்குத் தெரியும், ஆனாலும் அன்று கவனிக்காமல் விட்டிருந்தேன்.

போன வருஷம் வேறொருவரிடம் எடுத்த ஹைட்ரா (லோடைத் தூக்கிக்கொண்டே நகரும் சின்ன கிரேன்), பேனலைத் தொங்கவிட்டபடியே வேகமாக ஓடி, பேனல் ஆடிச் சுவரில் மோதியது. அந்த நேரம் அங்கே ஆள் இல்லை, அவ்வளவுதான். அதனால்தான் இந்த அண்ணன் ஒரே ஒரு சிக்னல்காரரை மட்டும் பார்த்தார், ஆனால் யார் "நிறுத்து" என்று கை காட்டினாலும் நிறுத்தினார் என்பதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

குறைகளும் உண்டு. எட்டரைக்கு வரவேண்டிய வண்டி பத்துக்கு வந்தது, பில்லிலோ யார்டைவிட்டுக் கிளம்பிய நேரத்திலிருந்து கணக்கு. கூட வந்த ஹெல்பருக்கு ஹெல்மெட் இல்லை, நாங்கள்தான் கொடுத்தோம். லோடு சுழலாமல் பிடிக்கும் கைடு கயிறும் எங்களுடையதுதான். வருடாந்திரச் சோதனைச் சான்றிதழை இரண்டு முறை கேட்ட பிறகே வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். தேதி செல்லுபடியில்தான் இருந்தது.

தை மாசம் கம்ப்ரஸர் இறக்க வேண்டியிருக்கிறது. போன் செய்து, அதே ஆபரேட்டர் என்றைக்கு வருவார் என்று கேட்டு, அந்தத் தேதிக்கே புக் செய்திருக்கிறேன். அந்த செப்டிக் டேங்கைச் சுற்றி மஞ்சள் பெயின்ட்டும் அடித்தாயிற்று.