பிதுக்கி ஃபில்டரும் பாழாய்ப்போன அந்த வாஷரும்

விலை குறைந்திருக்கிறதாம், ஓடைத் தண்ணீர் பிடித்த புட்டியின் வாயில் திருகி, பிதுக்கி வடித்துக் குடிக்கிற அந்த ஃபில்டரை மலையேற்றத்துக்கு வாங்கலாமா என்று ஒரே வாரத்தில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். ஐந்து வருடமாகக் கையில் இருக்கும் பொருள்தான், ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்ட நேரம் சரியில்லை. நாலாவது வாஷரை இப்போதுதான் மாற்றி முடித்திருக்கிறேன்.

உள்ளே குழல் இழைகள், அதாவது சுவரில் நுண்துளைகள் உள்ள மெல்லிய குழாய்கள், 0.1 மைக்ரான் (மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு) துளை, எடை நூறு கிராமுக்குள், ஒரு முனையில் 28 மி.மீ. மரை, மறுமுனையில் உறிஞ்சிக் குடிக்கிற மூக்கு. இதெல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்கள் பெட்டியின் மேல் படித்துக்கொள்ளலாம், எழுதியிருப்பதில் பொய் ஒன்றும் இல்லை. எழுதாமல் விட்டதுதான் வில்லங்கம்.

அழுக்குத் தண்ணீர் நுழைகிற பக்கம், மரைக்கு உள்ளே அடியில், தட்டையாக ஒரு ரப்பர் வளையம் கிடக்கும், அதுதான் வாஷர். புட்டியின் வாய் விளிம்பு அதன் மேல் சீராக அழுந்தி உட்கார்ந்தால்தான் தண்ணீர் இழைகள் வழியே போகும். வளையம் மடங்கினாலோ நகர்ந்தாலோ தண்ணீருக்கு வேறு வழி கிடைத்துவிடும். மரை இடுக்கில் கசிந்து, ஃபில்டரின் வெளிப்பக்கமாக வழிந்து, கீழே பிடித்திருக்கிற சுத்தத் தண்ணீர்ப் புட்டிக்குள்ளேயே சொட்டும். ஒரு லிட்டர் வடித்த தண்ணீரில் வடிக்காதது நாலு சொட்டு. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி தொற்றுவதற்கு, கூடு கட்டிய நிலையில் இருக்கும் அதன் சிஸ்ட் பத்து உள்ளே போனாலே போதும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த நாலு சொட்டைப் பாருங்கள். இழை எவ்வளவு நுணுக்கமாக இருந்து என்ன பயன்?

இத்தனைக்கும் வளையம் கழல்வது சும்மா நடப்பதில்லை. கசிகிறதே என்று பயந்து எல்லோரும் இறுக்குகிறோம். இறுக்க இறுக்க ரப்பர் சுருங்கி, ஈரத்தோடு புட்டி வாயில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த முறை திருகித் திறக்கும்போது ஃபில்டரை விட்டுப் புட்டியோடு வந்துவிடும். அது தெரியாமல் புட்டியை ஓடையில் அமுக்கினால் வாஷர் தண்ணீரோடு போயிற்று. இன்னொரு காரணம் மணல். மரையில் ஒரே ஒரு பொடி சிக்கினாலும் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். மூன்றாவது, கடையில் வாங்குகிற தண்ணீர்ப் புட்டிகள். மரை ஒத்துப்போகிற எல்லாப் புட்டியும் பொருந்தும் என்று நம்ப வேண்டாம். சிலவற்றின் கழுத்து குட்டையாக இருப்பதால் விளிம்பு வாஷரைத் தொடுவதற்குள் மரை முடிந்துவிடும். கிளம்புமுன் வீட்டில் ஒரு தடவை தலைகீழாகப் பிடித்து, பிதுக்கி, இணைப்பில் டிஷ்யூ காகிதத்தைச் சுற்றிப் பாருங்கள். நனைந்தால் அந்தப் புட்டி வேண்டாம்.

திருகும் முறை இப்படி இருக்கட்டும். விளிம்பை விரலால் துடைத்து, லேசாக நனைத்து, கை தடுக்கிற வரைக்கும் திருகி, அதற்கு மேல் கால் சுற்று. அவ்வளவுதான். கழற்றியதும் முதல் வேலை ஃபில்டருக்குள் எட்டிப்பார்ப்பது. வளையம் உள்ளே இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் புட்டி தண்ணீருக்குள் போக வேண்டும். பாதி வழியில் கசிய ஆரம்பித்து, மாற்று வாஷரும் இல்லை என்றால் இணைப்பைச் சுற்றி உலர்ந்த கைக்குட்டையைக் கட்டி, அதன் முனை சுத்தப் புட்டியின் வாய்க்கு வெளியே தொங்கும்படி விடுங்கள். கசிவு துணி வழியாக இறங்கித் தரையில் சொட்டும். அழகான தீர்வு இல்லைதான், ஆனால் தண்ணீர் கெடாது.

அடுத்தது வேகம். புதிதில் ஒரு லிட்டர் ஒரு நிமிடத்துக்குள் இறங்கிவிடும். வாங்கிய அன்றே கடிகாரத்தை வைத்து அளந்து, அந்த எண்ணை ஃபில்டர் மேலேயே மார்க்கரால் எழுதிவையுங்கள். இரண்டு மடங்கு நேரம் பிடித்தால் பின்னோக்கிக் கழுவ வேண்டும், மூன்று மடங்கு வரை விடக்கூடாது. கழுவுவதில் பெரும்பாலோர் செய்கிற தப்பு, சிரிஞ்சை மெதுவாகத் தள்ளுவது. மெதுவாகத் தள்ளினால் ஏற்கெனவே திறந்திருக்கிற இழைகள் வழியே தண்ணீர் ஓடிவிடும், அடைத்தவை அடைத்தபடியே கிடக்கும். மூக்குப் பக்கத்திலிருந்து அழுத்தமாக, ஒரே வீச்சில், அழுக்குப் பக்கம் வருகிற தண்ணீர் தெளிகிற வரை அடிக்க வேண்டும். கழுவுகிற தண்ணீர் வடித்ததாகத்தான் இருக்க வேண்டும். ஓடைத் தண்ணீரை அந்தப் பக்கம் ஏற்றினால் சுத்தமான பக்கத்தையே அழுக்காக்கிவிட்டோம் என்று அர்த்தம்.

கழுவியும் வேகம் வரவில்லை என்றால் உப்புப் படிந்திருக்கும். சுண்ணாம்புப் பாறை உள்ள பகுதிகளில் இது சகஜம். வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மறுபடி சிரிஞ்சால் அடித்தால் திறந்துகொள்ளும். வீட்டில் காய்ந்து கிடந்த ஃபில்டர் சொட்டுக்கூட விடாமல் அடம்பிடிக்கும். அதில் அடைப்பு ஏதும் இருக்காது, இழைக்குள் காற்று சிக்கியிருக்கும். கை பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் ஊறப்போட்டு, உள்ளங்கையில் தட்டித் தட்டி ஓட்டினால் சரியாகும். கொதிநீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

கலங்கல் தண்ணீரை நேராக ஊற்றுகிறவர்கள் பிறகு ஃபில்டரைத் திட்டக்கூடாது. அகன்ற பாத்திரத்தில் பிடித்து அரை மணி நேரம் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் துணி வழியே ஊற்றுங்கள். பனிப்பாறை உருகி வருகிற ஓடையில், பால் கலந்தாற்போல் வெளுத்திருக்கும் பாறைமாவு இருந்தால் இன்னும் அதிக நேரம் வேண்டும். அது இழையை அடைக்கிற வேகத்துக்கு வேறு எதுவும் ஈடாகாது.

அழுக்குத் தண்ணீர் பிடிக்க ஃபில்டரோடு கூட வருகிற பிளாஸ்டிக் பையைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை. துணி பிழிகிற மாதிரி முறுக்கினால் கழுத்தை ஒட்டிய ஒட்டுவாய் பிரியும். அடியிலிருந்து பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டிக்கொண்டே வர வேண்டும். ஆழமில்லாத ஓடையில் அது நிரம்பவும் நிரம்பாது, வாய் ஒட்டிக்கொண்டு நிற்கும். அடி வெட்டிய ஒரு புட்டியை அகப்பையாக வைத்து மொண்டு ஊற்றலாம். பேசாமல் பையை வீட்டில் வைத்துவிட்டுக் கெட்டிப் புட்டி ஒன்றை அழுக்குப் புட்டியாக ஒதுக்கி, கழுத்தில் சிவப்பு டேப் ஒட்டிவிடுவது உத்தமம். புட்டி ஒடுங்கியதும் அரைச் சுற்று தளர்த்திக் காற்றை உள்ளே விட்டு, மறுபடி இறுக்க வேண்டும். பார்த்தீர்களா, இங்கேயும் அந்த வாஷர்தான் அடி வாங்குகிறது.

உறைபனி ஒரு தனி ஆபத்து. நனைந்த ஃபில்டர் ஒரே ஒரு ராத்திரி உறைந்தாலும் இழைகளுக்குள் இருக்கிற தண்ணீர் விரிந்து அவற்றைக் கிழித்துவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலையில் தண்ணீர் வழக்கத்தைவிட ஜோராக இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள், அதுவே கெட்ட சகுனம். நன்றாக நனைத்துவிட்டு மூக்குப் பக்கத்திலிருந்து பலமாக ஊதிப் பாருங்கள். நனைந்த இழை வழியே வாய்க்காற்று போகக்கூடாது. குமிழி வந்தால் குப்பையில் போட வேண்டியதுதான். காற்று போகவில்லை என்றாலும் உறைந்தது உறுதி என்றால் நம்பாமல் இருப்பதே நல்லது. குளிர் இடங்களில் உதறி, ஜிப் பையில் போட்டு, ராத்திரி தூங்கும் பைக்குள் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வைரஸ் இதில் நிற்காது. நோரோவைரஸ், ஹெபடைடிஸ் ஏ எல்லாம் 0.03 மைக்ரானை ஒட்டியவை, துளையின் மூன்றில் ஒரு பங்குதான். பூச்சிமருந்தும் பாசியின் நச்சும் அப்படியே கடந்து வரும். கூடாரங்கள் நெருக்கமாக இருக்கிற இடத்துக்கும் ஊருக்கும் கீழே ஓடுகிற தண்ணீர் என்றால் வடித்த பிறகு குளோரின் டை ஆக்சைடு மாத்திரை போட்டு, உறையில் சொன்ன நேரம் காத்திருங்கள். பச்சைப்பாசி படர்ந்த குட்டையை விட்டுத் தள்ளிப் போங்கள்.

இவ்வளவு குறை சொல்லியும் ஐந்து வருடமாக ஏன் சுமக்கிறேன் என்றால், எடைக்காக. ஃபில்டரின் எடையைச் சொல்லவில்லை, தண்ணீரின் எடையைச் சொல்கிறேன். மாத்திரை என்றால் குறைந்தது அரை மணி நேரம், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்கு நாலு மணி நேரம் காத்திருக்க வேண்டும். கொதிக்கவைப்பதற்கு எரிபொருள் வேண்டும், உயரத்தில் மூன்று நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும், பிறகு ஆறவும் வேண்டும். அதனால் மூன்று லிட்டரை முன்கூட்டியே தயார் செய்து தூக்கிக்கொண்டு நடக்கிறோம். இது இருந்தால் ஓடையிலேயே வயிறு நிறையக் குடித்துவிட்டு, ஓடைக்கு ஓடை ஒரு லிட்டரோடு கிளம்பலாம். தோளில் இரண்டு கிலோ குறைகிறது. இந்த விஷயத்தில் மாத்திரையும் கொதிக்கவைப்பதும் கிட்டே வராது. மருந்து வாடையும் இல்லை.

ஆகவே வாங்கலாமா? இந்த வாரம் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வாஷர் விழாமல் பிடித்துக்கொள்ள மரைக்கு அடியில் அரை மில்லிமீட்டர் உதடு ஒன்று வார்த்திருந்தால் போதும். இழையில் அத்தனை கவனம் காட்டியவர்கள் இதில் கோட்டை விட்டதற்கு விலைக் குறைப்பு ஈடாகாது. வடிவத்தைத் திருத்தி வெளியிடுகிற வரை காத்திருங்கள்.

காத்திருக்க மாட்டேன் என்கிறவர்கள் பெட்டியைப் பிரித்ததும் மாற்று வாஷர் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஃபில்டரோடு சேர்த்தே நாலு தனியாக வாங்கி, ஒரு ஊக்கில் கோத்து, முதலுதவிப் பைக்குள் போட்டுவிடுங்கள். என்னிடம் இப்போது மூன்று பாக்கி.