தவணைக்குப் போன் எடுத்தவர்கள் பேங்க் கணக்கை இன்றே பாருங்கள்: 13,570 ரூபாய் போயிருக்கிறது

ஒரு அக்காவின் பேங்க் கணக்கிலிருந்து போன் இன்சூரன்ஸுக்கு என்று போனது 13,570 ரூபாய். மாதம் 590 வீதம் 23 மாதம். போனின் விலையே 54,900 தான். அதில் கிட்டத்தட்ட கால்வாசியை இன்சூரன்ஸ் என்று உறிஞ்சியிருக்கிறார்கள். அந்தப் போனும் 11 மாதத்தில் வேறு கடையில் எக்ஸ்சேஞ்சுக்குப் போய்விட்டது. மீதி 12 மாதமும், அதாவது 7,080 ரூபாய், கையில் இல்லாத போனுக்குக் கட்டியது.

கடை ஹட்டன் டவுனில் தவணைக்குப் போன் கொடுக்கும் கடைகளில் ஒன்று. கவுண்டரில் நிற்பது நம்ம பிள்ளை, தமிழில் பேசுகிறது. "அக்கா, முதல் மாசம் ஃப்ரீ. வேணாம்னா ஒரு கோல் எடுத்தா நிப்பாட்டிருவாங்க." ஃபோர்ம் முழுக்க இங்கிலீஷ். கையெழுத்துப் போட வேண்டிய நாலு இடத்தில் பென்சிலால் புள்ளடி போட்டுத் தந்தார்கள். அதில் மூன்றாவதுதான் இன்சூரன்ஸ் சம்மதம். தவணைக்கு என்று வாங்கிய பேங்க் கார்ட் நம்பரையே அதற்கும் எழுதிக்கொண்டார்கள். போலிசிப் பத்திரம் என்று ஒரு தாள்கூடத் தரவில்லை.

23 மாதம் கண்ணில் படாததற்குக் காரணம் இருக்கிறது. பேங்க் கூற்றில் கடையின் பெயரும் வராது, இன்சூரன்ஸ் என்ற சொல்லும் வராது. பணம் வசூலித்துக் கொடுக்கும் மூன்றாவது ஒரு கம்பெனியின் பெயர் நாலைந்து இங்கிலீஷ் எழுத்தாகச் சுருங்கி நிற்கும். சம்பளம் விழுந்த மறுநாள், 11ஆம் திகதி, தவணையோடு சேர்ந்தே கழியும். தவணை முடிந்த பிறகும் அது மட்டும் நிற்காது.

கேட்கப் போனால் பந்தாட்டம். கடையில், "நாங்க போன் மட்டுந்தான் விக்கிறோம், கம்பெனிகிட்ட கேளுங்க." இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கோல் எடுத்தால் தமிழுக்கு 3ஐ அழுத்து என்கிறது, அழுத்தினால் சிங்களத்தில் போலிசி நம்பர் கேட்கிறார்கள். தராத பத்திரத்தின் நம்பர்! பேங்கில், "நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே." மூன்றாவது கோலில் "கேன்சல் பண்ணியாச்சு" என்றார்கள். அடுத்த மாதமும் 590 போனது.

ஏன் போனது என்பதைக் கவனியுங்கள். போலிசியை நிறுத்துவது ஒன்று, கார்டில் மாதாமாதம் எடுக்கச் சொன்ன கட்டளையை நிறுத்துவது இன்னொன்று. முதலாவதற்குக் கம்பெனிக்கு எழுத வேண்டும், இரண்டாவதற்குப் பேங்கிற்கு. கோலில் சொன்னது எதுவும் நிற்காது. பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். தமிழிலேயே எழுதலாம்.

கம்பெனிக்கான கடிதத்தில் போனின் ஐஎம்இஐ நம்பர், அதாவது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள நம்பர், கட்டாயம். *#06# அடித்தால் வரும். இரண்டு சிம் போனில் இரண்டு நம்பர் வரும், இரண்டையும் எழுதுங்கள். போன் கையில் இல்லையென்றால் பழைய பெட்டியின் ஸ்டிக்கரில் இருக்கும். பெட்டியை அடுப்பில் போட்டுவிடாதீர்கள். கையெழுத்திட்ட ஃபோர்மின் பிரதியும் போலிசிப் பத்திரமும் கேளுங்கள். போன் கைமாறிய திகதிக்கு எக்ஸ்சேஞ்ச் பில்லை இணைத்து, அன்றிலிருந்து கட்டிய பணத்தைத் தனித் தொகையாகக் காட்டிக் கேளுங்கள். உங்களுக்குச் சொந்தமில்லாத பொருளுக்கு அவர்கள் நட்டஈடு தரப்போவதில்லை, பிறகு எதற்குக் கட்டுப்பணம்? முதல் 11 மாதப் பணம், 6,490 ரூபாய், கஷ்டம்தான். "அந்தக் காலத்தில் பாதுகாப்பு இருந்ததே" என்பார்கள். பத்திரமே தரவில்லை, தெரிந்த மொழியில் விளக்கவில்லை என்பதுதான் அங்கே பிடி.

பாதுகாப்பாம்! மெல்ல மெல்ல ஈரம் ஊறிப் பழுதானால் கிடையாது என்பது இப்படிப்பட்ட போலிசிகளில் வழக்கமாக இருக்கும் விலக்கு. மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மழைக்காலத்தில் போன் வேறு எப்படிப் பழுதாகும்?

கம்பெனி கைவிரித்தால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டப்படி காப்புறுதிக் கம்பெனிகளை மேற்பார்க்கும் ஆணைக்குழு இருக்கிறது. முதலில் கம்பெனிக்கு எழுதிய கடிதத்தின் பிரதி இல்லாமல் அங்கே போக வேண்டாம். பேங்க் அசையவில்லை என்றால் மத்திய வங்கியின் 1935 என்ற நம்பருக்குக் கோல் எடுங்கள். கடையைப் பற்றிப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, அதன் நம்பர் 1977. ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில், பொருளோ சேவையோ கிடைத்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும் என்று இருக்கிறது. போன் வாங்கி 23 மாதம். அதனால்தான் இன்றே பாருங்கள் என்கிறேன்.

மற்றவை சுருக்கமாக. புள்ளடி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடாதீர்கள், ஒவ்வொன்றும் எதற்கு என்று கேளுங்கள். தவணையைக் கடையிலேயே காசாகக் கட்டுங்கள், கார்ட் நம்பர் கொடுக்காதீர்கள். ரீலோட்டில் தினமும் ஐந்து பத்து குறைகிறதா, அதையும் தோண்டுங்கள். பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று ஓடிபி கேட்பவன் முதல் திருடனைவிடப் பெரிய திருடன்.

கம்பெனி இப்போது ஒரு மாதப் பணம் திருப்பித் தருகிறதாம். 13,570க்கு 590! அடுத்த 11ஆம் திகதிக்கு முன் இரண்டு கடிதமும் போய்ச் சேர வேண்டும்.