கிளட்ச் மாற்றியாச்சு, இனி வைத்திருப்பதா கொடுப்பதா?

போன வாரம் என் காருக்குக் கிளட்ச் மாற்றினேன். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும், கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றும் கூலியும் சேர்த்து 18,000 ரூபாய். சேலம் கொண்டலாம்பட்டி பைபாஸ் ஓரத்துப் பட்டறையில் பில்லை வாங்கிச் சட்டைப் பையில் வைக்கிறேன், மச்சினன் போன். அவனிடமும் இதே காலத்து டீசல் ஹேட்ச்பேக்தான். "மாமா, ஜிஎஸ்டி குறைஞ்சிருக்கே, பழசைத் தள்ளிவிட்டுட்டு புதுசு எடுத்துடலாமா?" என்கிறான். பில் தந்த கடுப்பில் அவனிடம் ஏதோ சொல்லி வைத்தேன். உட்கார்ந்து கணக்குப் போட்டபின் எழுதுவது இது.

வண்டியின் பெயரெல்லாம் வேண்டாம். 2014 மாடல், சின்ன டீசல் இன்ஜின், அதற்குள் கூடுதல் காற்றைத் தள்ளி இழுவை கூட்ட ஒரு டர்போ, லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது, முதல் ஓனர் நானே. மைலேஜ், டிக்கி, சீட்டு பற்றியெல்லாம் ஊரே பேசி முடித்துவிட்டது. நான் பேச வந்தது இது ஏற்காடு ஏறும் லட்சணத்தைப் பற்றி. மாமனார் ஊர் ஏற்காட்டு மலைமேல் நாகலூர் பக்கம் என்பதால் மலையேறாத மாதமே கிடையாது, அந்த ஒரு விஷயத்தில் இந்த வண்டி இத்தனை வருஷமாக என் பொறுமையைச் சோதித்துக்கொண்டே இருக்கிறது.

அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஒரே கதை. இரண்டாவது கியரில் வளைவுக்குள் நுழைவீர்கள், ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிப்பீர்கள், வேகம் குறையும், இன்ஜின் சுற்று 2,000-க்குக் கீழே இறங்கும். அவ்வளவுதான், டர்போ தூங்கிவிடும். ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தாலும் ஒன்றும் நடக்காது. வண்டி யோசிக்கும். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான். அப்புறம் திடீரென்று விழித்துக்கொண்டு ஒரே பாய்ச்சல், அதற்குள் அடுத்த வளைவு வந்திருக்கும். சரி, முதல் கியர் போடலாமென்றால் அது ரொம்பக் குட்டை. கத்துமே தவிர நகராது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் இந்த மலைக்கென்று ஒரு கியர் இருந்திருக்க வேண்டும், வைக்காமல் விட்டுவிட்டார்கள். சீலநாயக்கன்பட்டியில் ஏறி நாமக்கல் வரை நாலு வழிச் சாலையில் போகிறவருக்கு இப்படி ஒரு குறை இருப்பதே தெரியாது, ஐந்தாவது கியரில் போட்டுவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகலாம்.

மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம். ஞாயிற்றுக்கிழமை அதை யாரிடம் போய்ச் சொல்வது? சுற்றுலா வேன் ஒன்று பிரேக் தீயும் வாசனையோடு வளைவின் உட்பக்கத்தை அடைத்துக்கொண்டு இறங்கும். நாம் நடு ஏற்றத்தில் நிற்க வேண்டும். ஹேண்ட்பிரேக், பாதி கிளட்ச், சுற்றை ஏற்று, மெல்ல விடு. பின்னுக்குச் சரியக்கூடாது என்றால் கிளட்சைத் தேய்த்துத்தான் ஆக வேண்டும். அந்தக் கருகல் நாற்றம் உள்ளே வந்ததும் என் மனைவி கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்ப்பாள், கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கும் குரங்குகூட மூக்கைச் சுளிப்பதுபோல எனக்குத் தோன்றும். 18,000 ரூபாய் போனது அங்கேதான், கொஞ்சம் கொஞ்சமாக. மலைக்கு இன்னொரு பாதை, குப்பனூர் வழி, அதிலும் போய்ப் பார்த்தாயிற்று. சுற்றுவழி, ஆனால் நெரிசல் குறைவு. நெரிசல் குறைந்தால் கிளட்சுக்கு நல்லது, டர்போவின் தூக்கத்துக்கு அதுவும் மருந்தில்லை.

இறங்கும்போது மட்டும் இதே வண்டி வேறு பிறவி. அதையும் சொல்லியாக வேண்டும். இரண்டாவது கியரில் விட்டால் இன்ஜினே பிடித்துக்கொள்ளும், பிரேக்கில் கால் வைப்பது வளைவுக்கு முன்னால் ஒருமுறை, அவ்வளவுதான். பிரேக் பேட் இத்தனை நாள் உழைப்பதைப் பார்த்துப் பட்டறைக்காரரே இரண்டு முறை குனிந்து பார்த்தார். இறங்கி அடிவாரம் வந்து நிறுத்தினால் சக்கரத்தில் சூடே இருக்காது. அந்த அரை மணி நேரத்தில் இதை விற்கும் எண்ணமெல்லாம் பறந்துவிடும். அடுத்த முறை ஏறும்போது திரும்பி வரும்.

இனி விலை. இன்சூரன்ஸில் வண்டியின் மதிப்பை ஐடிவி என்று போடுகிறார்களே, அதற்கு வண்டியின் வயதைப் பார்த்து மதிப்பைக் கழிக்கும் பழைய ஒரு அட்டவணை உண்டு. ஆறு மாதம் வரை 5 சதவீதம் கழிவு, ஒரு வருஷம் வரை 15, இரண்டு வருஷம் வரை 20, மூன்று வரை 30, நாலு வரை 40, ஐந்து வரை 50. அதற்கு மேல் அட்டவணை கிடையாது, கம்பெனியும் நாமும் பேசி வைத்துக்கொள்வதுதான். ஆக ஐந்தாவது வருஷத்துக்குள்ளேயே பாதி போய்விடுகிறது, மீதிப் பாதி கரைய அடுத்த பத்து வருஷம் எடுத்துக்கொள்கிறது. வெள்ளிக் கொலுசை உருக்கினாலாவது எடைக்கு ஒரு விலை உண்டு, காருக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. என் வண்டி இப்போதெல்லாம் வருஷத்துக்கு இருபதாயிரம் போலத்தான் இறங்குகிறது. பராமரிப்பையும் சேர்த்தால் ஐம்பதாயிரத்துக்குள் அடங்கும். கிளட்ச் மாற்றிய வருஷம் கொஞ்சம் கூடும்.

மச்சினன் சொல்லும் புது வண்டிக்கு இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஷோரூம் விலை 8 லட்சம் என்று வையுங்கள். தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரை உள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம், அதாவது 1,04,000. விற்கும்போது அதில் ஒரு ரூபாயையும் யாரும் தனியாக எண்ணித் தரமாட்டார்கள். முதல் வருஷக் கழிவு 15 சதவீதம், 1,20,000. முதல் பிறந்தநாளுக்குள் இரண்டேகால் லட்சம் போச்சு, இன்சூரன்சும் கடன் வட்டியும் தனி. இந்தப் பணத்தில் வருஷம் ஒரு கிளட்ச் வீதம் பன்னிரண்டு வருஷம் மாற்றலாம்.

ஜிஎஸ்டி குறைந்தது உண்மைதான். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் காருக்கு 18 சதவீதம், அதற்கு முன் செஸ்ஸோடு சேர்த்துப் பெட்ரோலுக்கு 29, டீசலுக்கு 31. புதுசு வாங்குகிறவருக்கு நூற்றுக்கு எட்டரையோ பத்தோ மிச்சம். ஆனால் புதுசின் விலை இறங்கினால் பழசின் விலை அப்படியே நிற்குமா? வீட்டு வாசலில் நின்றபடியே, ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல், என் வண்டி விலை இறங்கிவிட்டது. எக்ஸ்சேஞ்சில் கொடுத்து எடுக்கப் போகிறவர் இந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

சந்தை எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு புரோக்கரை வீட்டுக்கு வரச்சொன்னேன். தட்டுவடை செட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டே அவர் வண்டியைப் பார்த்த விதம் இருக்கிறதே, அதற்குத் தனியாகக் காசு தரலாம். கதவு பீடிங்கை விலக்கி டிங்கரிங் நடந்திருக்கிறதா என்று பார்த்தார், பானெட் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று கட்டை விரலால் தடவினார், இன்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்து புகை வருகிறதா என்று உள்ளங்கையை மேலே காட்டினார். ஒரு குறையும் கிடைக்கவில்லை. உடனே, "டீசலுக்குப் பத்து வருஷம்தானுங்களே சார்" என்று ஆரம்பித்தார். பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்ற அந்தக் கணக்கு டெல்லி வட்டாரத்துக்கு வந்தது, சேலத்தில் நிற்கும் டிஎன் வண்டிக்கு என்ன சம்பந்தம்? இங்கே ஆர்சி, அதாவது பதிவுச் சான்று, 15 வருஷம். என் வண்டிக்கு 2029 வரை கவலையில்லை. அதன்பிறகு எஃப்சி என்கிற தகுதிச் சான்று காட்டிப் பசுமை வரி கட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம், அதற்கான கட்டணம்தான் 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ஆகிவிட்டது. இதையெல்லாம் சொன்னதும் அவர் ஐடிவியைப் பார்க்க வேண்டும் என்றார். ஐடிவி குறைவாக இருந்தால் அதைக் காட்டுவார்கள், கூடுதலாக இருந்தால் மார்க்கெட் அப்படி இல்லை என்பார்கள். பிரீமியத்தில் சில நூறு மிச்சம் பிடிக்க ஆன்லைனில் ஐடிவியைக் கீழே இழுத்து வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், விற்கிற அன்று அந்தத் தாள்தான் மேஜைமேல் இருக்கும்.

பழசை வைத்திருப்பதில் யாரும் பேசாத ஒரு செலவும் உண்டு. சாதா பாலிசியில் பத்து வருஷம் தாண்டிய வண்டி இடிபட்டால் இரும்புப் பாகத்துக்கே பாதிதான் கிளெய்ம், பம்பர் மாதிரி பிளாஸ்டிக்குக்கு எந்த வயதிலும் பாதிதான். கண்ணாடிக்கு மட்டும் கழிவில்லை. மலையில் ஒரு வேன் உரசிவிட்டுப் போனால் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று இதை வைத்துக் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

என் கருத்தில் புது வண்டி எடுத்தவர் காசு வேண்டுமென்றால் ஐந்தாறு வருஷத்தில், டயரும் கிளட்சும் சஸ்பென்ஷனும் வரிசையாகக் கேட்பதற்கு முன்னால், கொடுத்துவிட வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் எட்டில் கொடுத்தாலும் பதினொன்றில் கொடுத்தாலும் பெரிய வித்தியாசமில்லை, ஓட்டுவதுதான் லாபம். பதின்மூன்றைத் தாண்டினால் வாங்க வருகிறவர் முதல் கேள்வியே "எஃப்சி எத்தனை வருஷம் இருக்கு" என்பார், அப்புறம் அவர் சொல்வதுதான் விலை.

எனவே மச்சினனுக்குப் பதில்: கொடுக்காதே. நீ ஓட்டுவது சேலம் - ஈரோடு சமதளம், வண்டி இன்னும் நாலு வருஷம் நோகாமல் ஓடும், அந்த இரண்டேகால் லட்சத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்.

நான் தை பிறந்ததும் கொடுத்துவிடப் போகிறேன். மேலே போட்ட கணக்கு முழுக்க வேண்டாம் என்கிறது, தெரியும். புது கிளட்ச் போட்டுவிட்டு உடனே விற்பது பைத்தியக்காரத்தனம் என்று வீட்டிலும் சொல்லியாயிற்று. ஆனால் நேற்று புது கிளட்சோடு ஏறினேன், அதே இடத்தில் வண்டி அதேபோல யோசித்தது. கிளட்ச் எத்தனை புதுசாக இருந்தால் என்ன, டர்போ பழைய டர்போதானே. இனி ஏற்றத்தில் உடனே இழுக்கிற ஆட்டோமேட்டிக் ஒன்று, அது எவ்வளவு விலை இறங்கினாலும் சரி.

முதல் ஓனர், ஆயில் மூடியில் புகை இல்லை, பிரேக் பேட் பாதி ஆயுள் பாக்கி, கிளட்ச் ஒரு வாரம் பழசு. மலைப்பக்கம் போகாதவர் யாராவது கேட்டால் சொல்லுங்கள். ஐடிவிக்குக் கீழே கேட்பவரை மட்டும் அனுப்பாதீர்கள்.