ராட்னெஸ்ட் தீவுச் சைக்கிள் சுற்றுலா: பணம் கட்டுவதற்கு முன் படித்துவிடுங்கள்

பெர்த் நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும், விடுமுறைக்கு ஊரிலிருந்து உறவினர்களை வரவழைத்திருப்பவர்களுக்கும் இந்த எச்சரிக்கையை எழுதுகிறேன். ராட்னெஸ்ட் தீவுக்கு "வழிகாட்டியுடன் அமைதியான சைக்கிள் சுற்றுலா" என்று வாட்ஸப் குழுக்களில் தமிழிலேயே விளம்பரம் செய்து, தலைக்கு 260 டாலர் வாங்கும் ஒரு முகவரால் எங்கள் குடும்பம் ஏமாற்றப்பட்டது. புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் அவருடைய பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ இங்கே குறிப்பிடவில்லை. ஆனால் இத்தகைய விளம்பரத்தை யார் வெளியிட்டாலும் அடையாளம் கண்டுகொள்ள ஒரு வழி இருக்கிறது. அந்தத் தீவில் நடக்கவே முடியாதவற்றை அவர்கள் வாக்குறுதியாகத் தருகிறார்கள். தீவின் நடைமுறை தெரிந்தவர்களுக்கு விளம்பரத்தைப் பார்த்தவுடனே பொய் புலப்பட்டுவிடும். தெரியாதவர்களைக் குறிவைத்தே அது எழுதப்பட்டிருக்கிறது.

பெர்த்தின் துறைமுகப் பகுதியான ஃப்ரீமேன்டிலின் கரையிலிருந்து ஏறத்தாழ 19 கிலோமீட்டர் தொலைவில், 11 கிலோமீட்டர் நீளமும் மிக அகன்ற இடத்தில் நாலரை கிலோமீட்டர் அகலமும் கொண்டு கிடக்கிறது ராட்னெஸ்ட். இப்பகுதியின் பழங்குடியினரான நூங்கார் மக்கள் அதனை வாஜெமப் என்று அழைக்கிறார்கள். அங்கே தனியார் கார்களுக்கு அனுமதி கிடையாது. தீவைச் சுற்றி வரும் பேருந்துகளையும் பராமரிப்பு வேலைக்கான சில வண்டிகளையும் தவிர, தார்ச்சாலை முழுவதும் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் உரியது. ஒரு பக்கம் உப்பு ஏரிகளும் மறுபக்கம் சுண்ணாம்புப் பாறைகளுக்கு இடையே பச்சையும் நீலமுமாக மின்னும் விரிகுடாக்களும் தெரிய, பின்னால் எந்த வண்டியின் ஒலிப்பானும் கேட்காமல், பிள்ளைகளும் பெரியவர்களும் அவரவர் வேகத்தில் மிதித்துச் செல்லலாம். மதுரையின் நெரிசலில் முப்பது ஆண்டுகளாகச் சைக்கிளைத் தொடாத என் அக்காவுக்கும் அத்தானுக்கும் இதைக் காட்ட வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை.

விளம்பரம் இப்படி இருந்தது. பெரியவர்களுக்கு மின்சார சைக்கிள், முழு நாளும் உடன் வரும் தமிழ் வழிகாட்டி, களைத்துப் போனால் ஏற்றிக்கொள்ளப் பின்னாலேயே வரும் துணை வண்டி, தீவில் வாழும் குவோக்கா என்னும் சிறு விலங்குகளுக்குக் கையால் உணவு ஊட்டிப் படம் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு, படகுச் சீட்டு உட்பட அனைத்தும் ஒரே கட்டணத்தில். தொலைபேசியில் பேசிய முகவர், "அக்காவுக்கும் அத்தானுக்கும் வயசாயிடுச்சேன்னு யோசிக்காதீங்க அண்ணா, நம்ம வண்டி பின்னாலேயே வரும், முடியலன்னா ஏறி உக்காந்துக்கலாம்" என்று உறுதியளித்தார். பணம் கட்டிய பிறகு வந்த ரசீதில் "தீவு நுழைவுக் கட்டணம்" என்று தலைக்கு ஒரு தொகை தனியாகச் சேர்க்கப்பட்டிருந்தது. கேட்டபோது, அது அரசுக்குப் போகும் பணம் என்றும், அதில் தமக்கு ஒரு காசும் இல்லை என்றும் சொன்னார். தீவுக்கு நுழைவுக் கட்டணம் இருப்பது உண்மைதான். ஆனால் அது படகுச் சீட்டுடன் சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. பிறகு எங்கள் மின்னஞ்சலுக்கு வந்த படகுச் சீட்டிலேயே அந்தத் தொகை ஒரு வரியாக அச்சிடப்பட்டிருந்தது. அதாவது, 260 டாலருக்குள் ஏற்கெனவே அடங்கிய கட்டணத்தையே எங்களிடம் மறுபடியும் வாங்கியிருக்கிறார்.

பயண நாளன்று ஃப்ரீமேன்டில் படகுத்துறையில் ஓர் இளைஞர் நான்கு சைக்கிள்களை ஒரு வேனிலிருந்து இறக்கி வைத்தார். அவர்தான் வழிகாட்டி என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்க, அவர் ஒரு நகல் எடுத்த வரைபடத்தையும் நேர அட்டவணையையும் என் கையில் கொடுத்து, சைக்கிள்களைப் படகில் ஏற்ற உதவிவிட்டு, "தீவுல ஆள் இருக்காங்க அண்ணா" என்று சொல்லி விடைபெற்றார். தீவில் எங்களுக்காக யாருமே இல்லை. ராட்னெஸ்டில் வணிகம் நடத்தத் தீவு ஆணையத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி இல்லாதவர்கள் கரையிலேயே சைக்கிளைக் கொடுத்து, அது பயணியின் சொந்தச் சைக்கிள் போலப் படகில் ஏறட்டும் என்று விட்டுவிடுவதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

சைக்கிள்களின் நிலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அத்தானுக்கு அடிபட்டது அதனால்தான். தாம்சன் விரிகுடாவில் இறங்கி வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தபோது, இரண்டு மின்சார சைக்கிள்களில் ஒன்றின் பேட்டரியில் ஐந்து விளக்குகளுக்கு இரண்டுதான் எரிந்தன. நான்கின் செயின்களிலும் உப்புக்காற்றில் பூத்த செந்நிறத் துரு இருந்தது. அக்காவுக்குக் கொடுத்த ஹெல்மெட்டின் உட்புறப் பஞ்சு பாதிக்கு மேல் உதிர்ந்திருந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் சைக்கிள் ஓட்டுபவர்கள் ஹெல்மெட் அணிவது சட்டப்படி கட்டாயம். இதை அறிந்தே பெயருக்கு ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். முகவரை அழைத்துச் சொன்னேன். ஓடத் தொடங்கினால் சரியாகிவிடும் என்றார். திரும்பும் படகு நான்கு மணிக்கு என்று பதிவாகியிருந்ததால் புறப்பட்டோம்.

நேர அட்டவணையே எங்களுக்கு எதிராகத்தான் இருந்தது. நண்பகலுக்குச் சற்று முன் தீவில் இறங்கி, வடகரையில் பேசின் கடற்கரையில் குளித்து, சாப்பிட்டுவிட்டு, ஒரு மணிக்கு மேல் மேற்கு முனைக்குக் கிளம்ப வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. கோடைக்காலத்தில் பிற்பகலானால் தென்மேற்கிலிருந்து வலுவான கடற்காற்று வீசும் என்பது பெர்த்தில் ஓராண்டு வாழ்ந்த எவருக்கும் தெரியும். ஃப்ரீமேன்டில் டாக்டர் என்று அதற்குப் பெயரே உண்டு. அந்த நேரத்தில் மேற்கு நோக்கி மிதிப்பவர்களுக்கு அது எதிர்க்காற்று. தீவை அறிந்தவர்கள் காலையிலேயே மேற்கு முனைக்குச் சென்று, காற்று எழும்பிய பிறகு அது முதுகைத் தள்ளத் திரும்பி வருவார்கள். மேலும், விளம்பரத்தில் "முழுக்கச் சமதளம்" என்று எழுதியிருந்தார்களே தவிர, தீவு சமதளம் அன்று. பெரிய மலைகள் இல்லை, வாஜெமப் குன்று 45 மீட்டர்தான். ஆனால் சாலை ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. முழுச் சுற்று ஏறத்தாழ 22 கிலோமீட்டர். நீண்ட காலம் சைக்கிள் ஓட்டாதவர்களை வைத்துக்கொண்டு எதிர்க்காற்றில், அரை நாளுக்குள் இதை முடிக்கச் சொல்லும் அட்டவணையை, தீவுக்கு ஒருமுறையேனும் போய் வந்தவர் எழுதியிருக்க முடியாது.

தீவின் மேற்குப் பகுதி ஒடுங்கிக் குறுகும் இடத்தை நெருங்கும்போது அக்காவின் பேட்டரி முற்றிலும் தீர்ந்தது. மின்சாரம் இல்லாத மின்சார சைக்கிளின் கனத்தை ஏற்றத்தில் மிதிப்பது அறுபது வயதைக் கடந்தவருக்கு இயலாத காரியம். அவர் இறங்கித் தள்ளிக்கொண்டு வர, முன்னால் இறக்கத்தில் சென்ற அத்தான் பிரேக்கைப் பிடித்திருக்கிறார். பிடி கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொண்டதே தவிர சக்கரம் நிற்கவில்லை. காலை ஊன்றி நிறுத்த முயன்று, சாலையோரச் சுண்ணாம்புக் கல்லில் விழுந்தார். முழங்கையும் முழங்காலும் கிழிந்து இரத்தம் வந்தது. நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. சைக்கிளைப் புரட்டிப் பார்த்தேன். முன்சக்கர பிரேக்கின் ரப்பர் முழுவதும் தேய்ந்து உலோகம் வெளியே தெரிந்தது. கம்பியின் இழைகள் பிரிந்து, இரண்டு மூன்று இழைகள் மட்டும் திருகாணியில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரே நாளில் வரக்கூடிய தேய்மானம் அன்று அது.

முகவரை அழைத்தேன். இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்தவரிடம், அடிபட்டிருக்கிறது, துணை வண்டியை உடனே அனுப்புங்கள் என்றேன். அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "தீவுலதான் காருக்கு அனுமதி இல்லையே அண்ணா, பஸ் வரும், அதுல ஏறிக்குங்க." கார் இல்லாத தீவு என்பதைச் சொல்லியே எங்களிடம் சுற்றுலாவை விற்றார், எங்களுக்குக் கார் தேவைப்பட்டபோது அதே உண்மையைத் தமக்குச் சாக்காகக் கொண்டார். தனியார் வண்டி ஓடவே முடியாத இடத்தில் துணை வண்டி என்று எழுதுவது கவனக்குறைவால் நேர்ந்த பிழையாக இருக்க முடியாது. அந்த ஒரு வாக்கை நம்பித்தான் நாங்கள் பெரியவர்களை அழைத்துச் சென்றோம். ஊர்ச்சாலையில் சைக்கிள் பழுதானால் ஓர் ஆட்டோவை நிறுத்திக்கொள்ளலாம். இங்கே கடைகளும் உதவியும் தாம்சன் விரிகுடாவைச் சுற்றியும், வடகரையில் ஜியார்டி விரிகுடாவிலும்தான் இருக்கின்றன. நாங்கள் நின்ற இடத்திலிருந்து அது ஏழெட்டுக் கிலோமீட்டர். இத்தகைய இடத்தில் சைக்கிளின் தரம்தான் பயணியின் பாதுகாப்பு.

எங்களுக்கு உதவியவர்கள், பிள்ளைகளோடு அவ்வழியே சைக்கிளில் வந்த ஓர் ஆஸ்திரேலியத் தம்பதியர். தங்கள் முதலுதவிப் பெட்டியால் காயத்துக்குக் கட்டுப் போட்டு, குடிநீர் கொடுத்து, பேருந்து நிறுத்தம் வரை சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு உடன் வந்தார்கள். அக்காவையும் அத்தானையும் சுற்றுப்பேருந்தில் ஏற்றிவிட்டு, நானும் என் மகனும் சைக்கிள்களோடு மெதுவாகத் திரும்பினோம். நான்கு மணிப் படகு போய்விட்டிருந்தது. படகுத்துறை ஊழியர்கள் நிலைமையைக் கேட்டு எங்களை அடுத்த படகில் ஏற்றினார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

குவோக்கா பற்றியும் எழுதியாக வேண்டும். பூனை அளவே உள்ள, வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும் அந்த விலங்குகள் மனிதரைக் கண்டு அஞ்சாமல் அருகில் வருகின்றன. அவற்றைத் தொடுவதும் அவற்றுக்கு உணவு கொடுப்பதும் தடை செய்யப்பட்டவை, அபராதம் உண்டு. நம் உணவு அவற்றுக்கு நோயை உண்டாக்கும். கையால் ஊட்டலாம் என்று விளம்பரம் செய்பவர், உங்களைச் சட்டத்தை மீறவும் அந்த உயிருக்குத் தீங்கு செய்யவும் பணம் வாங்கிக்கொண்டு அழைக்கிறார். வழிகாட்டி இல்லாததால் நேர்ந்த வேறோர் இழப்பும் என் மனத்தை உறுத்துகிறது. 1838 முதல் இத்தீவு பழங்குடி ஆண்களையும் சிறுவர்களையும் அடைத்துவைக்கும் சிறையாக இருந்தது. ஏறத்தாழ 4,000 பேர் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். 370க்கும் மேற்பட்டோர் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார்கள். அந்தப் புதைநிலத்தின் மேலேயே 2007 வரை பயணிகள் கூடாரம் அடித்துத் தங்கியிருக்கிறார்கள். குடியிருப்புக்கு அருகிலேயே இருக்கும் அந்த இடத்தைப் பற்றி எங்கள் கைக்கு வந்த வரைபடத்தில் ஒரு சொல்லும் இல்லை. அதை அறியாமல் பாட்டுப் பாடிக்கொண்டு கடந்து போனோம் என்று அக்கா பிறகு மிகவும் வருந்தினார்.

கணக்கு அத்தோடு முடியவில்லை. சைக்கிள் ஒன்றுக்கு 300 டாலர் என்று என் கடன் அட்டையில் பிடித்துவைத்திருந்த முன்பணத்திலிருந்து, "பிரேக் சேதம்" என்றும் "உப்புநீர்ச் சேதம்" என்றும் 180 டாலரைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் விடுவித்தார்கள். எங்களைக் கீழே தள்ளிய பிரேக்குக்கு நாங்களே தண்டம் கட்டியிருக்கிறோம். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ரசீதின் அடியில் "பணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்று எழுதியிருப்பதைச் சுட்டிக்காட்டினார்.

அந்த வரியைக் கண்டு யாரும் பின்வாங்க வேண்டாம். 2011 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின்படி, ஒரு சேவை உரிய கவனத்தோடும் திறனோடும் வழங்கப்பட வேண்டும். வாடகைக்குத் தரும் பொருளும் பாதுகாப்பானதாகவும் ஏற்கத்தக்க தரத்திலும் இருக்க வேண்டும். இந்த உரிமைகளை ரசீதில் எழுதும் எந்த வரியாலும் பறிக்க முடியாது. தவறான எண்ணத்தை உண்டாக்கும் விளம்பரத்தையும் அதே சட்டம் தடுக்கிறது. கட்டாயமாகக் கட்ட வேண்டிய தொகைகளைச் சேர்த்த முழு விலையை முதலிலேயே காட்டவும் சொல்கிறது. எழுத்து மூலம் முகவரிடம் கேட்டு மறுப்பு வந்த பிறகு, மேற்கு ஆஸ்திரேலிய அரசின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் புகார் கொடுத்தேன். இதற்குக் கட்டணம் இல்லை. அவர்கள் இரு தரப்பையும் பேசவைத்துச் சமரசம் செய்ய முயல்வார்கள். பணத்தைக் கொடு என்று கட்டளையிட அவர்களால் முடியாது. சமரசம் கைகூடாவிட்டால், 10,000 டாலர் வரையிலான சிறு வழக்காக மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகலாம். 180 டாலர் கழிவை மறுத்து வங்கிக்குத் தனியாக எழுதினேன். பிரேக்கின் படங்களையும், படகு ஏறுமுன் அதே சைக்கிளை என் மகன் எடுத்திருந்த காணொளியையும் பார்த்த வங்கி அத்தொகையைத் திருப்பி வரவு வைத்தது. சைக்கிளை வாங்கியவுடன் பிரேக், டயர், பேட்டரி விளக்கு மூன்றையும் படம் எடுத்துக்கொள்வது எவ்வளவு பயன்படும் என்பதற்கு அதுவே சான்று.

தீவுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இடைத்தரகர் இல்லாமல் போங்கள். ஃப்ரீமேன்டிலிலிருந்து படகில் அரை மணி நேரம்தான். படகுச் சீட்டை நீங்களே பதிவு செய்தால் நுழைவுக் கட்டணம் அதிலேயே அடங்கிவிடும். சொந்தச் சைக்கிள் இருந்தால் அதற்கும் சேர்த்துச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம்; இல்லையேல் தீவிலேயே வாடகைக்கு எடுங்கள், பழுதானால் மாற்றித் தர ஆள் அருகில் இருப்பார். காலை முதல் படகில் சென்று, மேற்கு முனையை முதலில் பார்த்துவிட்டு, தென்கரையில் சால்மன் விரிகுடா வழியாகக் காற்றோடு திரும்பி வாருங்கள். குடிநீரைத் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள். பெரியவர்களால் முழுச் சுற்று முடியாது என்று தோன்றினால் அவர்களுக்குச் சுற்றுப்பேருந்துச் சீட்டு வாங்கிக் கொடுத்து, இடையில் ஒரு விரிகுடாவில் சந்தித்துக்கொள்ளுங்கள்.

பள்ளி விடுமுறைக்காக அதே விளம்பரம், துணை வண்டியோடும் குவோக்காவுக்கு ஊட்டும் படத்தோடும், சென்ற வாரம் மீண்டும் எங்கள் குழுவில் வந்தது. அதற்குப் பணம் கட்டியிருப்பவர்கள் விளம்பரத்தின் படத்தையும் ரசீதையும் படகுச் சீட்டையும் உடனே சேமித்து, நுழைவுக் கட்டணம் இரண்டிலும் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இருந்தால் அந்த ஆவணங்களை எனக்கு அனுப்ப வேண்டாம். நேரடியாக நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் உங்கள் பெயரிலேயே புகாராகப் பதிவு செய்யுங்கள். இப்போது அவர் மீது அங்கே என் புகார் மட்டுமே இருக்கிறது என்றால், அது தனிப்பட்ட மனத்தாங்கல் என்று அவர் சொல்லித் தப்பிவிட முடியும்.