27 இலட்சம் போய்விட்டது: பற்றரிக்குக் குளிராம், நம்பாதீர்கள்!

வன்னியில் மின்சாரக் காருக்குக் குளிர் பிடித்துவிட்டதாம். 27 இலட்சம் ரூபா கொடுத்து வாங்கிய காருக்கு விற்றவரிடமிருந்து எனக்குக் கிடைத்த பதில் இதுதான். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஏ9 வீதியோரத்தில் பழைய வாகனம் விற்கும் இடம் ஒன்று. ஜப்பானில் ஓடி வந்த சின்ன மின்சாரக் கார், 24 கிலோவாட் மணி பற்றரி. மீட்டர் ஓரத்தில், பற்றரி எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்று காட்டும் கோடுகள் 12உம் குறையாமல் நின்றன. "எண்ணிப் பாருங்கோ அண்ணை, பன்னிரண்டும் இருக்கு. 120 கிலோமீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓடலாம்" என்றார் முதலாளி. அதோடு விட்டாரா? என் அப்பாவின் ஊரைக் கேட்டார், தன் தாய்வழி ஆட்களும் அந்தப் பக்கம்தான் என்றார், பிளேன்ரீ வரவழைத்தார். "எங்கட ஆக்களுக்குப் பிழை செய்வனே?" என்று சொல்லிக்கொண்டே நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்ததும் அவரேதான். மனைவியின் நகை அடகு வைத்த காசும் சீட்டுக் காசும் அந்த மேசையில்தான் எண்ணப்பட்டன.

சில வாரத்தில் கோடுகள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. மார்கழியில் ஒருநாள் வவுனியாவில் முழுதாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிக்குப் புறப்பட்டோம். 75 கிலோமீட்டருக்குக் கிட்டத்தான் தூரம். மாங்குளம் தாண்டியதும் மீட்டரில் ஆமைப் படம் வந்துவிட்டது, சார்ஜ் தீரப்போகிறது என்று அர்த்தம். முறிகண்டிப் பிள்ளையாரடி வரைகூட வரவில்லை. ட்ரக்டரில் கட்டி இழுத்தோம். பிள்ளைகள் கச்சான் கேட்டு அழுதது வேறு.

போன் எடுத்தேன். "இது மாரிகாலம் அண்ணை, குளிருக்குப் பற்றரி படுக்கும். பங்குனி வெயிலுக்குத் தன்பாட்டில எழும்பும்." அடுத்த முறை, முதலாளி கொழும்புக்குப் போய்விட்டார் என்று பையன் சொன்னான். அப்புறம் நான் சார்ஜ் போடும் முறை பிழையாம். நேரில் போனால், "ஓடிப் பாத்துத்தானே வாங்கினனீங்கள்?" முதல் நாள் குடித்த பிளேன்ரீ நினைவுக்கு வந்து வயிறு எரிந்தது.

நோர்வேயில் இருக்கும் மச்சானிடம் சொன்னேன். சிரித்தான். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போகும்போது அவன் காருக்கும் ஓடும் தூரம் கால்வாசி, சிலநேரம் மூன்றில் ஒன்று குறைகிறதாம். கடும் குளிரில் பற்றரிக்குள் இரசாயன வேலை மந்தமாகும், மின்தடை கூடும். எஞ்சின் சூடு இல்லாததால் ஹீட்டரும் அதே பற்றரியிலிருந்துதான் உறிஞ்சும். ஆனால் சூடு வந்ததும் குறைந்த தூரம் திரும்பி வந்துவிடும். எங்கள் மாரி இரவு 20 பாகைக்குச் சற்று மேலே. லித்தியம் பற்றரிக்கு அது இதமான வெப்பநிலை. 2022 மார்கழியில், மாண்டஸ் புயல் நேரம், மாடுகள் விறைத்துச் செத்தனவே, அப்போதுகூட இங்கே பூச்சியம் வரவில்லை. வன்னியில் யார் ஐயா ஹீட்டர் போடுகிறார்கள்? என் காரோ மழை விட்டு வெயில் எறித்த மத்தியானத்திலும் அதே தூரம்தான் ஓடுகிறது.

உண்மையில் இந்த வகைப் பற்றரிக்கு எதிரி வெயில். திரவம் ஓட்டிக் குளிர்விக்கும் ஏற்பாடு இதில் இல்லை, காற்றில்தான் ஆற வேண்டும். வெக்கையில் போன கொள்ளளவு போனதுதான். தெரிந்த மெக்கானிக் ஒருவர் கருவியைச் செருகிப் பார்த்தார்: புதிதில் இருந்த கொள்ளளவில் மிச்சம் 45 வீதம். 12 கோடு எப்படி நின்றது என்றும் அவர்தான் விளக்கினார். பற்றரியைக் கண்காணிக்கும் கணினியின் நினைவை அழித்தால் கோடுகள் எல்லாம் எழும்பிவிடும். ஓட ஓட அது உண்மையைக் கண்டுபிடித்துத் திரும்ப இறக்கும். அதற்குள் என் 27 இலட்சம் கைமாறிவிட்டது!

வாங்குபவர்களுக்கு விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது முடியவில்லை. கோடுகளை நம்பாதீர்கள். உங்கள் ஆளைக் கொண்டு ஓபிடி கருவி (காரின் கணினியில் செருகி வாசிக்கும் கருவி) போட்டு எஸ்ஓஎச் வீதத்தை, அதாவது பற்றரியின் கொள்ளளவில் எவ்வளவு மிச்சம் என்பதைப் பாருங்கள். முழுச் சார்ஜில் நீண்ட தூரம் ஓட்டாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். பற்றரி உத்தரவாதம் எழுத்தில் வேண்டும். குளிர் என்று வாயைத் திறந்தால் எழும்பி வந்துவிடுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் எண் 1977, நானும் நாளை காலை அங்கேதான் அடிக்கப்போகிறேன்.